மதிப்பெண்ணைச் சொல்லுங்கள்: தமிழ் விளையாட்டுச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் இணையதளங்களிலும் விளையாட்டுப் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் நிருபர்களுக்கும் வர்ணனையாளர்களுக்கும்,

வணக்கம்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில், இசைக்கேற்பத் தண்ணீரில் ஆடும் ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங்கின் டூயட் (இருவர்) பிரிவில் பிரிட்டனின் கேட் ஷார்ட்மன், இஸி தோர்ப் ஜோடி 558.5367 புள்ளிகளுடன் வெள்ளி வென்றது. நெதர்லாந்தின் இரட்டைச் சகோதரிகள் பிரெக்யே, நோர்ட்யே டி பிராவர் 558.3963 எடுத்து வெண்கலத்துக்கு இறங்கினார்கள். இரண்டு நாள், இரண்டு ஆட்டம், எல்லாவற்றையும் கூட்டிய பிறகு இரு ஜோடிகளுக்கும் இடையே இருந்தது 0.1404 புள்ளி. பிரிட்டனுக்கு இந்த விளையாட்டில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். தங்கம் வென்ற சீனாவின் வாங் லியுயி, வாங் சியான்யியும் இரட்டையர்தான். 2000 சிட்னியிலிருந்து டோக்கியோ வரை நடந்த ஆறு ஒலிம்பிக்கிலும் ஒரு தங்கத்தைக்கூட ரஷ்யர்கள் வெளியே விடவில்லை. பாரிஸுக்கு ரஷ்ய அணி வரவில்லை, அந்த நாற்காலி முதல்முறையாகக் காலியானது, அதில் சீனா உட்கார்ந்தது.

இவ்வளவு இருக்கிறது எழுதுவதற்கு. அன்றிரவும் மறுநாளும் தமிழில் நான் தேடிப் படித்தவற்றில் இதில் எதுவும் என் கண்ணில் படவில்லை. கிடைத்ததெல்லாம் படத்தொகுப்பு. மின்னும் நீச்சலுடை, தண்ணீருக்கு மேல் வரிசையாக நிற்கும் கால்கள், கீழே "கண்கொள்ளாக் காட்சி" என்று ஒரு வரி. யார், எந்த நாடு, எத்தனையாவது இடம், எதுவும் இல்லை. சில படங்கள் தகுதிச் சுற்றிலா இறுதியிலா எடுத்தவை என்றுகூடத் தெரியவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

நான் சென்னையில் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவள். எங்கள் குளத்துக்கு ஒரு சிறுமி வருகிறாள். வேகத்தில் சுமார்தான், ஐம்பது மீட்டர் பந்தயத்தில் அவளுக்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் தண்ணீர் அவளைத் தாங்குகிற விதமே வேறு. மல்லாந்து மிதக்கச் சொன்னால் இடுப்பு இறங்காது, கால் தாழாது, மணிக்கட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நினைத்த பக்கம் திரும்புவாள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு ஒலிம்பிக் விளையாட்டு இருக்கிறது என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டு போனார். மறுநாள் மாலை போனை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "மேடம், நீங்க சொன்னது இதுவா?" என்று கேட்டு, ஒரு தமிழ் இணையதளத்தின் படத்தொகுப்பைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "இதுக்கா மேடம் நான் புள்ளைய அனுப்பணும்?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதான். அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு மதிப்பெண் பட்டியல் இருந்திருந்தால், ஒரு அணி ஏன் ஜெயித்தது, இன்னொன்று எதில் கோட்டைவிட்டது என்று நான்கு வரி இருந்திருந்தால், அதே அப்பா வேறு கேள்வி கேட்டிருப்பார். எத்தனை வருஷம் ஆகும், எந்தக் குளத்தில் கற்றுத்தருகிறார்கள், மாநில அளவில் போட்டி உண்டா என்றெல்லாம் கேட்டிருப்பார். வயதுக்கு வந்த பெண்ணைக் குளத்துக்கு அனுப்பவே தயங்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தயக்கத்துக்கு நீங்கள் ஒரு படம் கொடுத்துவிடுகிறீர்கள். என் மனத்தாங்கல் இதில்தான்.

இது உண்மையில் எப்படிப்பட்ட விளையாட்டு என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். படத்தில் நேராக நிற்கும் அந்தக் கால்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் தலைகீழாக இருக்கிறாள். முழங்கை இரண்டும் இடுப்போடு ஒட்டியிருக்கும். முன்கைகள் பக்கவாட்டில் விரிந்து, உள்ளங்கை இரண்டும் குளத்தின் தரையைப் பார்த்திருக்கும். அந்த முன்கைகளை வெளியேயும் உள்ளேயும் இடைவிடாமல் வீசி வீசித் தண்ணீரைக் கீழே அழுத்துகிறாள். ஸ்கல்லிங் என்பது இதுதான். ஒரு நொடி நிறுத்தினால் கால் இறங்கிவிடும். நடுவர் பார்ப்பது கால் எவ்வளவு அழகு என்பதை இல்லை, தண்ணீரின் கோடு காலில் எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதை. முழங்காலுக்குப் பக்கத்தில் வெட்டினால் ஒரு மதிப்பெண், தொடையின் நடுவில் வெட்டினால் அதைவிட நல்ல மதிப்பெண். கோடு ஏறி இறங்கி ஆடினால் கழிவு. அந்த நிலையில் சுழல வேண்டும், சுழலும்போதும் கோடு இறங்கக்கூடாது. இதை எட்டுப் பேர், ஒருவரை ஒருவர் தலைகீழாகப் பார்த்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, நீருக்கடியில் பொருத்திய ஒலிபெருக்கியில் தாளம் எண்ணி, ஒரே கணத்தில் செய்ய வேண்டும். போட்டியில் நீச்சல் கண்ணாடி கிடையாது. மூக்கில் ஒரு கிளிப், தலைமுடி கலையாமல் இருக்க ஜெலட்டினைக் கரைத்துப் பூசியிருப்பார்கள், அவ்வளவுதான்.

தலை மேலே இருக்கும்போது மட்டும் ஓய்வு என்று நினைக்காதீர்கள். இடுப்புக்கு மேல் தண்ணீருக்கு வெளியே நின்று இரு கையையும் உயர்த்திச் சிரிக்கிறார்களே, அடியில் இரண்டு கால்களும் மாறி மாறி எதிரெதிர்த் திசையில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். எக்பீட்டர் கிக் என்பார்கள், வாட்டர் போலோ கோல்கீப்பர் நிற்பதும் அதே உதையில்தான். ஒருத்தி காற்றில் எறியப்பட்டுச் சுழன்று விழுகிறாள் என்றால், அவளை எறிந்தவர்கள் எதன்மேலும் நிற்கவில்லை. குளத்தின் தரையைத் தொடக்கூடாது என்பது விதி. தண்ணீரையே பிடிமானமாக வைத்து ஒரு முழு ஆளை வெளியே வீச வேண்டும். எட்டுப் பேர் அணி தன் விருப்பப்படி அமைத்து ஆடும் டீம் ஃப்ரீ பிரிவில் இதெல்லாம் மூன்றரை நிமிடம். அந்த மூன்றரை நிமிடத்தில் மூச்சு வாங்குவது முகத்தில் தெரியவே கூடாது. முகமும் மதிப்பெண்ணில் சேர்த்தி. நோஸ் கிளிப்போடு முகம் சுளித்த ஒரு கணத்தை நிறுத்தி எடுத்து மீம்ஸ் போடுகிறவர்கள் இதையெல்லாம் அறிய வாய்ப்பில்லை. விளையாட்டுப் பக்கம் அந்த மீம்ஸை எடுத்துப் போடுவதுதான் எனக்கு வலிக்கிறது.

உங்களால் இதை எழுத முடியாது என்று நான் நம்பவில்லை. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் வால்ட் (ஓடி வந்து தாவும் பிரிவு) இறுதிப்போட்டிக்கு வந்தபோது என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர் செய்த புரொடுனோவா என்ற தாவலின் பெயரை அதற்கு முன் கேட்டிராத ஊர்களில்கூட டீக்கடையில் அதைப் பற்றிப் பேசினார்கள். அது ஏன் ஆபத்து, தலை எங்கே வரும், கால் எப்படித் தரையில் ஊன்ற வேண்டும், கடினத்தன்மைக்கு எவ்வளவு, செய்த நேர்த்திக்கு எவ்வளவு என்று படம் போட்டு விளக்கினீர்கள். 15.066 எடுத்து நான்காவது இடம், வெண்கலத்துக்கு 0.150 குறைவு என்பது இன்றும் பலருக்கு மனப்பாடம். நீங்கள் சொல்லிக்கொடுத்ததால்தான் அந்த 0.150 நமக்கெல்லாம் வலித்தது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக செஸ் பட்டம் வென்ற 14-வது ஆட்டத்தில் டிங் லிரன் யானையை எங்கே வைத்துப் பிழை செய்தார் என்பதைக் கட்டம் போட்டுக் காட்டினீர்கள். செஸ் ஆடத் தெரியாத தாத்தாக்கள் அதைப் படித்தார்கள். வாசகருக்குப் புரியாது என்ற பேச்சை நான் ஏற்காமல் இருப்பதற்கு நீங்கள்தான் காரணம்.

இந்தியர்கள் பதக்கம் வாங்கும் விளையாட்டு இல்லையே என்பீர்கள். சரி. அப்படியானால் படத்தொகுப்பு எதற்கு? செய்தி ஆகாத ஒன்று படமாக மட்டும் எப்படி ஆகிறது? இந்தக் கேள்வியை உங்கள் ஆசிரியர் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுப்பினாலே போதும்.

மதிப்பெண் பற்றித்தான் நான் திரும்பத் திரும்பப் பேசுகிறேன், காரணத்தோடுதான். இந்த விளையாட்டின் வரலாற்றில் பெரிய காயங்கள் எல்லாம் மதிப்பெண்ணில் பட்டவை. 1984 லாஸ் ஏஞ்சலஸில் சோலோவும் (ஒருவர் மட்டும் ஆடுவது) டூயட்டும் ஒலிம்பிக்குக்குள் வந்தன. அமெரிக்காவின் டிரேசி ரூயிஸ் இரண்டிலும் தங்கம் வென்றார். அடுத்த சியோலில் கனடாவின் கேரலின் வால்டோ அதே இரட்டைத் தங்கத்தை எடுத்தார். 1992 பார்சிலோனாவுக்கு வந்த கனடாவின் சில்வி ஃபிரெஷெட் சோலோவில் பலரும் எதிர்பார்த்த தங்கம். போட்டிக்குச் சில நாள் முன்புதான் அவருடைய வருங்காலக் கணவர் இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடு குளத்தில் இறங்கினார். கட்டாய அசைவுகள் சுற்றில் ஒரு நடுவர் அவருக்கு 9.7 கொடுக்க நினைத்தார், இயந்திரத்தில் விரல் தவறி 8.7 பதிவானது. நடுவர் உடனே திருத்தப் பார்த்தார். திருத்தம் ஏற்கப்படவில்லை. முறையீடும் தள்ளுபடியானது. அமெரிக்காவின் கிறிஸ்டன் பாப்-ஸ்பிரேக் தங்கம் வாங்கினார், சில்வி வெள்ளியோடு ஊருக்குப் போனார். கனடா விடவில்லை. 1993 கடைசியில் அவருக்கும் தங்கம் என்று முடிவாகி, மாண்ட்ரியாலில் அவர் கழுத்தில் போட்டார்கள். பாப்-ஸ்பிரேக்கின் தங்கமும் அவரிடமே இருந்தது. ஒரு பொத்தானால் பறிபோன பதக்கம் ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்துத் திரும்பி வந்த கதை இது. எந்த விளையாட்டுப் பக்கத்துக்கும் பொருத்தமான கதை. எந்தப் படத்தொகுப்பிலும் இதற்கு இடம் கிடையாது.

அதற்குப் பிறகும் நீண்ட காலம் இந்த விளையாட்டின் மேல் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. பெயர் பெற்ற நாடு இறங்கினாலே மதிப்பெண் கூடும், புது நாடு எவ்வளவு நன்றாக ஆடினாலும் பட்டியலில் மேலே ஏற வருஷங்கள் பிடிக்கும் என்று. அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். 2023-இல், நீர் விளையாட்டுகளின் உலக அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் மொத்த முறையையும் மாற்றியது. இப்போது பயிற்சியாளர் போட்டிக்கு முன்பே கோச் கார்டு ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் என்ன அசைவு, எத்தனை சுழற்சி, எந்தத் தூக்கல், அதன் கடினத்தன்மை எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். டெக்னிக்கல் கன்ட்ரோலர்கள் வீடியோவைத் திருப்பிப் பார்த்து, எழுதியதும் செய்ததும் ஒன்றா என்று சரிபார்ப்பார்கள். ஒத்து வரவில்லை என்றால் அந்தப் பகுதியின் கடினத்தன்மை மொத்தமும் போய்விடும், அடிமட்ட அளவு மட்டும் மிஞ்சும். பேஸ் மார்க் என்பது அதுதான். ஒத்திசைவில் பிசகு நடந்தால் தனிக் கழிவு. செய்நேர்த்திக்கு ஒரு நடுவர் குழு, கலைத்தன்மைக்கு வேறொரு குழு.

இந்த முறை வந்த பிறகு போட்டியைப் பார்க்கும் அனுபவமே மாறிவிட்டது. முன்னணி நாடுகளே ஒரு பேஸ் மார்க்கால் பட்டியலில் சறுக்கி விழுவதைப் பார்க்கிறோம். அதிகம் எழுதிக் கொடுத்துப் பந்தயம் கட்டுவதா, குறைவாக எழுதிச் சுத்தமாகச் செய்வதா என்று ஒவ்வொரு பயிற்சியாளரும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார். திரையில் மதிப்பெண் வரும்வரை குளத்தோரம் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்களின் முகத்தைக் காட்டுவார்கள். பேஸ் மார்க் என்று வந்ததும் அந்த முகம் மாறுவது எதனால் என்று தெரிந்து பார்ப்பவருக்கு மூச்சு நின்றுவிடும். தெரியாமல் பார்ப்பவருக்கு யாரோ அழுகிறார்கள், அவ்வளவுதான். இந்த இடைவெளியை நிரப்புவது உங்கள் வேலை. பாரிஸ் டீம் பிரிவில் பத்து அணிகள், அணிக்கு எட்டுப் பேர், டெக்னிக்கல் (கட்டாய அசைவுகள்), ஃப்ரீ, அக்ரோபாட்டிக் (தூக்கலும் எறிதலும்) என்று மூன்று ஆட்டங்கள் மூன்று நாளில். சீனா 996.1389, அமெரிக்கா 914.3421, ஸ்பெயின் 900.7319. முதல் இடத்துக்கும் இரண்டாவதுக்கும் 80 புள்ளிக்கு மேல், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 14-க்குள். இந்த மூன்று எண்ணை அச்சிட ஒரு வரி போதும். அந்த ஒரு வரி சொல்லும் செய்தி, சீனா எட்டாத தூரத்தில் ஓடியது, பின்னால் இருந்தவர்கள் கழுத்துக்குக் கழுத்தாகப் போனார்கள் என்பது.

அந்த அமெரிக்க அணியில் அனிட்டா அல்வாரெஸ் இருந்தார். இந்தப் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும் அல்லது படம் நினைவிருக்கும். 2022 ஜூன் 22, புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப், சோலோ ஃப்ரீ இறுதி. ஆட்டம் முடிந்த கையோடு நினைவிழந்து குளத்தின் அடிக்கு இறங்கிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் ஆண்ட்ரியா ஃபுவென்டெஸ் போட்ட உடையோடு குதித்து மேலே இழுத்து வந்தார். ஃபுவென்டெஸ் ஸ்பெயினுக்காக நான்கு ஒலிம்பிக் பதக்கம் வென்றவர், தண்ணீரில் ஒரு உடல் இயல்பாக இறங்குவதற்கும் நினைவின்றி இறங்குவதற்கும் வித்தியாசம் தெரிந்தவர். நீருக்கடியில் எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது, தமிழிலும் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் பார்சிலோனாவில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியிலும் அவர் இப்படி மயங்கியிருக்கிறார் என்பது அதோடு வந்ததா? இந்த விளையாட்டில் மூச்சை அடக்கும் பயிற்சி எந்த அளவுக்குப் போகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? கடினத்தன்மைக்கு மேல்வரம்பு இல்லாத புது முறையில், தண்ணீருக்கடியில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பயிற்சியாளர்கள் நீட்டிக்கொண்டே போகும் ஆபத்து இருக்கிறது என்று நான் கவலைப்படுகிறேன். எறிதலில் விழும்போது ஒருவர் கால் இன்னொருவர் தலையில் பட்டு மூளை அதிர்ச்சி ஏற்படுவதும் இந்த விளையாட்டில் தெரிந்த பிரச்சினைதான். இவற்றையெல்லாம் எழுதினால் விளையாட்டுக்குக் கெட்ட பெயர் வருமே என்று நான் பயப்படவில்லை. குறையைக் கேள்வி கேட்டு எழுதும் அளவுக்கு அதை மதிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அல்வாரெஸ் இரண்டு வருஷம் கழித்து பாரிஸில் டீம் வெள்ளி வாங்கினார். அது அவருக்கு மூன்றாவது ஒலிம்பிக், முதல் பதக்கம். அமெரிக்காவுக்கும் இந்த விளையாட்டில் 2004-க்குப் பிறகு கிடைத்த முதல் பதக்கம். மூழ்கிய படத்தைப் போட்டவர்கள் இந்தப் படத்தையும் போட்டிருக்கலாம். அதே அணி தண்ணீருக்கடியில் தலைகீழாக மூன்வாக் செய்த வீடியோ நம் போன்களில் எல்லாம் சுற்றியது. அவர்கள் எத்தனையாவது வந்தார்கள் என்று அதை அனுப்பியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆண்களைப் பற்றியும் ஒரு விஷயம். இது பெண்களுக்கு மட்டுமான விளையாட்டு என்றே நம் வாசகர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2015 வரை உலகச் சாம்பியன்ஷிப்பில் அப்படித்தான் இருந்தது. அந்த வருஷம் ரஷ்யாவின் கசானில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் கலப்பு டூயட் சேர்த்தார்கள். அமெரிக்காவின் பில் மே, கிறிஸ்டினா ஜோன்ஸோடு சேர்ந்து டெக்னிக்கல் பிரிவில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு 36 வயது. இளமையில், ஆண் என்ற ஒரே காரணத்தால் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு அவரால் போக முடியவில்லை. பிறகு லாஸ் வேகஸில் ஒரு நீர்ச் சர்க்கஸ் நிகழ்ச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், கதவு திறந்த செய்தி கேட்டுத் திரும்பி வந்தார். 2022 டிசம்பரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி எட்டுப் பேர் அணியில் இரண்டு ஆண்கள் வரை இருக்கலாம் என்று அனுமதித்தது. பில் மே நாற்பதைத் தாண்டிய வயதிலும் அமெரிக்க அணியோடு பயிற்சி எடுத்தார். கடைசிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பாரிஸில் நீந்திய பத்து அணிகளில் ஒரு ஆண்கூட இல்லை. இருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, இருக்க வேண்டிய பிரிவு ஒன்றை வைக்காமல் விட்டால் இப்படித்தான் முடியும். கலப்பு டூயட்டை அன்றே ஒலிம்பிக்கில் சேர்த்திருந்தால் ஒவ்வொரு நாடும் ஒரு பையனையாவது தேடிப் பிடித்துத் தயார் செய்திருக்கும். எங்கள் குளத்திலும் தண்ணீரைப் புரிந்துகொண்ட பையன்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்வது?

நம் நாட்டு நிலவரத்தை நீங்கள் என்னைவிட நன்றாக விசாரிக்க முடியும். காமன்வெல்த் போட்டிகளில் இந்த விளையாட்டு கடைசியாக நடந்தது நம் டெல்லியில், 2010-இல். அதன்பின் பட்டியலிலிருந்து காணாமல் போனது. 2025-இல் ஆசிய நீர் விளையாட்டுச் சாம்பியன்ஷிப் அகமதாபாத்தில் நடந்தது, அதில் ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங்கும் இருந்தது. 2030 காமன்வெல்த் போட்டியும் அதே அகமதாபாத்துக்குத்தான் வருகிறது. இந்திய நீச்சல் சம்மேளனத்தின் பொறுப்பில் உள்ள துறைகளில் இதுவும் ஒன்று. அப்படியிருக்க, தமிழ்நாட்டில் எத்தனை குளங்களில் இதற்கு ஆழம் போதும், எத்தனை இடத்தில் நீருக்கடி ஒலிபெருக்கி இருக்கிறது, கோச் கார்டு எழுதத் தெரிந்த பயிற்சியாளர் எத்தனை பேர் என்று ஒரு நிருபர் விசாரித்து எழுதினால், பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் மனு எழுதினால் அது ஒரு மேசையில் கிடக்கும். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வேளச்சேரி நீச்சல் வளாகம் நமக்கு இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் நீச்சல் அங்கேதான் நடந்தது, நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். ஆழமில்லாத பழகுகுளத்தில் தூக்கலும் எறிதலும் கற்றுத்தர முடியாது, அப்படிப்பட்ட பெரிய குளத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தால் ஒரு தொடக்கம் கிடைக்கும். இதைக் கேட்பதற்கு எனக்கு உங்கள் பக்கத்தில் ஒரு பத்தி தேவைப்படுகிறது.

ஆக, கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. அடுத்த ஆசியப் போட்டியோ உலகச் சாம்பியன்ஷிப்போ வரும்போது, படம் போடுகிறீர்களா, போடுங்கள். நல்ல படம்தான் முதலில் கண்ணைப் பிடிக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படத்தில் இருப்பவரின் பெயரைப் போடுங்கள், நாட்டைப் போடுங்கள். எந்தப் பிரிவு, எத்தனை புள்ளி, எத்தனையாவது இடம் என்று எழுதுங்கள். யாராவது பேஸ் மார்க் வாங்கியிருந்தால் எந்த அசைவில் என்று ஒரு வரி. நேர்த்திக்கும் ஒத்திசைவுக்கும் யார் எவ்வளவு இழந்தார்கள் என்று இன்னொரு வரி. வர்ணனையாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டம் நடக்கும்போது உடையின் நிறத்தையும் அலங்காரத்தையும் பேசி நேரத்தை நிரப்ப வேண்டாம். அறிவித்த கடினத்தன்மை எவ்வளவு என்பதைச் சொல்லிவிட்டு அமைதியாகப் பார்க்க விடுங்கள், முடிந்ததும் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுங்கள். கிரிக்கெட்டில் நோ பால் ஏன் என்று விளக்குவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பாதி போதும்.

2028-இல் ஒலிம்பிக் மறுபடி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகிறது, இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் முதலில் இறங்கிய அதே ஊருக்கு. அதற்குள் உங்கள் விளையாட்டுப் பிரிவில் ஒருவராவது கோச் கார்டைப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். சென்னையில் இருக்கும் எந்த நிருபர் வந்தாலும் பாரிஸ் இறுதிப்போட்டியின் வீடியோவைப் போட்டு, ஒவ்வொரு ஆட்டமாக நிறுத்தி நிறுத்தி, எங்கே எண்ண வேண்டும், எங்கே கோட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர நான் தயார். வெளியூர்க்காரர்களுக்குப் போனிலேயே சொல்லித்தருகிறேன். எங்கள் மாலைப் பயிற்சி முடிந்த பிறகு எந்த நாள் வேண்டுமானாலும் வாருங்கள், அந்தச் சிறுமியின் அப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு நீச்சல் பயிற்சியாளர்,
சென்னை